காவிரிக்கரையில் செடான் வாங்கப் போகிறவர்களுக்கு

"நம்ம ஊர் ரோட்டுக்கு எஸ்யூவிதான் சரிப்படும்" என்று சொல்லாத ஆளை தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரை தேடினாலும் கிடைக்காது. டீக்கடையில் சொல்வார்கள், சம்பந்தி வீட்டில் சொல்வார்கள், செடான், அதாவது பின்னால் டிக்கி தனியாக நீண்டிருக்கும் தாழ்வான கார், பார்க்க ஷோரூமுக்குப் போனால் விற்கிறவரே பக்கத்தில் நிற்கும் உயரமான வண்டியைக் காட்டிக் காதோடு சொல்வார். அதில் பாதி உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் எழுபதைத் தாண்டிய அப்பா அம்மா, பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, அவ்வப்போது திருச்சி ஆஸ்பத்திரி, முகூர்த்த மாதம் வந்தால் வரிசையாகக் கல்யாணம், நடுவில் கோயில் குளம் என்று ஓடும் குடும்பத்துக்கு, நீளமான, ஆடாத, பின்சீட்டு தாராளமான ஒரு செடானைவிடச் சுகமான வண்டி இந்தச் சமவெளியில் இல்லை என்பது என் கட்சி. தஞ்சாவூரே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து கடற்கரை வரை மேடு என்று சொல்ல ஒன்றும் கிடையாது. மலையேறப் போவதில்லை, அப்புறம் எதற்கு அவ்வளவு உயரம்?

ஒரு நிபந்தனை. இங்கே செடான் வாங்குகிறவர் இரண்டைப் பார்த்து வாங்க வேண்டும்: பின்சீட்டு, அடிவயிறு. எஞ்சின், திரை, சன்ரூஃப் எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் டேப்பை எடுங்கள்

ஷோரூமுக்குப் போவதற்கு முன்னால் வீட்டு வாசலை அளந்துவிடுங்கள். நான் சொல்லும் நடுத்தர செடான்கள் எல்லாமே நாலரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளம், ஒன்றே முக்கால் மீட்டர் அகலம்; அந்த அகலத்தில் பக்கக் கண்ணாடிகள் சேர்த்தி இல்லை, அவற்றையும் சேர்த்தால் இரண்டு மீட்டரை ஒட்டி வந்துவிடும். கும்பகோணத்தின் பழைய தெருக்களில் திண்ணை வைத்த நீள வீடுகளுக்குப் போர்ட்டிகோ என்ற பேச்சே இல்லை, வண்டி தெருவில்தான் நிற்கும். கிராமத்தில் இடம் இருக்கும், ஆனால் சந்திலிருந்து கேட்டுக்குள் திரும்புகிற இடத்தில் மின்கம்பம் ஒன்று நிற்கும். கேட் அகலத்தை மட்டும் அளந்தால் போதாது, திரும்பும் இடத்தையும் பாருங்கள். சொந்தக்காரர் யாரிடமாவது இதே அளவு வண்டி இருந்தால் ஒருநாள் அதைக் கொண்டுவந்து நுழைத்துப் பார்ப்பது எல்லாவற்றையும்விட உத்தமம்.

அடுத்தது வாய்க்கால் பாலங்கள். டெல்டாவில் வேகத்தடையைவிட செடானுக்கு எதிரி இதுதான். பாசன வாய்க்கால் மேல் கட்டிய பழைய சின்னப் பாலங்கள் நடுவில் முதுகு தூக்கி இருக்கும். முன்சக்கரம் இறங்கிவிட்டது, பின்சக்கரம் இன்னும் ஏறவில்லை, அந்த நேரத்தில் வயிறு தட்டும். இதில் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்ற கணக்கு மட்டும் உதவாது, இரண்டு அச்சுக்கும் நடுவே எவ்வளவு நீளம் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. ஹோண்டா சிட்டிக்கு உயரம் 165 மில்லிமீட்டர், அச்சு இடைவெளி 2600. ஹூண்டாய் வெர்னாவுக்கு உயரம் அதே அளவுதான், இடைவெளி 2670, அதாவது அவ்வளவு நீள வயிறு. ஸ்கோடா ஸ்லாவியாவும் வோக்ஸ்வாகன் விர்ட்டஸும் ஒரே அடித்தளத்தில் வருபவை, 179 உயரம், 2651 இடைவெளி. காகிதத்தில் பார்த்தால் நம் பாலங்களுக்கு அவை இரண்டும்தான் தோது. ஆனால் இந்த அளவெல்லாம் ஆள் ஏறாத வண்டிக்கு. ஐந்து பேர் ஏறி டிக்கியில் அரிசிச் சிப்பமும் வைத்தால் பின்பக்கம் கணிசமாக உட்கார்ந்துவிடும்.

அதனால் டெஸ்ட் டிரைவ் போகும்போது தனியாகப் போகாதீர்கள். குடும்பத்தையே ஏற்றுங்கள். விற்பனையாளர் பைபாஸில் நூறில் ஓட்டிக் காட்டப் பார்ப்பார், அது வேண்டாம். உங்கள் ஊருக்குத் திரும்பும் வழியில் எந்தப் பாலம் மோசம் என்று உங்களுக்குத் தெரியும், அங்கே போங்கள், ஐந்து பேரோடு மெதுவாக ஏறி இறங்குங்கள். அதில் தட்டாத வண்டி வேறெங்கும் தட்டாது.

எந்த வண்டி

நிஜமான பெரிய செடான் வேண்டுமென்றால் டொயோட்டா கேம்ரி இருக்கிறது, 4.92 மீட்டர் நீளம், 1.84 மீட்டர் அகலம், பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட். சொகுசில் குறை சொல்ல முடியாது. கும்பகோணம் பெரிய கடைத்தெருவுக்குள் அதை ஓட்டிப்போகிறவருக்கு என் வணக்கம். மற்ற குடும்பங்களுக்கு மேலே சொன்ன நாலும்தான் போட்டி. பல வருடம் இங்கே குடும்ப வண்டியாக ஓடிய மாருதி சியாஸ் 2025இல் உற்பத்தி நின்றுவிட்டது, இனி பழைய வண்டியாகத்தான் கிடைக்கும். இந்த விலையில் புது டீசல் செடானும் இப்போது கிடையாது. டிசையர், அமேஸ், ஆரா எல்லாம் நாலு மீட்டருக்குள் வெட்டிய வண்டிகள். நல்லவைதான், பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் என்றால்தான் நெருக்கம் தெரியும்.

எஞ்சின் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். சமதரையில் சிட்டியின் சாதாரண 1.5 லிட்டரும், ஸ்லாவியாவின் 1 லிட்டர் டர்போவும் குடும்பத்துக்குத் தாராளம். வெர்னாவின் 160 குதிரைத்திறன் டர்போவை வாங்கி நெல் டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போவதில் என்ன சுகம் இருக்கிறதோ தெரியவில்லை. கியரைப் பொறுத்தவரை ஒரே எச்சரிக்கை: விர்ட்டஸ், ஸ்லாவியா 1.5 லிட்டரில் வரும் ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ், எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகை. தேரோட்டக் கூட்டத்திலோ முகூர்த்த நாள் நெரிசலிலோ அங்குலம் அங்குலமாக வெயிலில் நகர்ந்தால் அது சூடாகும். டவுனுக்குள்தான் அதிகம் ஓட்டுவீர்கள் என்றால் கியர் படிகளே இல்லாத தானியங்கிகளான சிட்டியின் சிவிடி, வெர்னாவின் ஐவிடி, அல்லது 1 லிட்டர் டர்போவோடு வரும், எண்ணெய் வழியே விசை கடத்தும் டார்க் கன்வர்ட்டர் கியர்பாக்ஸ் நிம்மதி.

டயர் விஷயத்தில் மேல் மாடல் என்றால் மேல் என்று நினைக்காதீர்கள். ரப்பர் பக்கச்சுவர் தடிமனாக இருந்தால்தான் குழியில் விழும்போது ரிம் தப்பும், பின்சீட்டுக்கும் அடி குறையும். சிட்டியின் கீழ் மாடல்களில் வரும் 15 அங்குலச் சக்கரம் நம் சாலைக்கு 16ஐவிட ஏற்றது. வாங்கியபிறகு 17 அங்குல அலாய் மாட்டுகிற ஆசை இருந்தால் அதை இப்போதே விட்டுவிடுங்கள்.

பின்சீட்டுச் சோதனை

செடானில் உள்ள ஒரே நிஜமான குறை, தாழ்வாக உட்கார வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறங்குவதும் ஏறுவதும் பாடு. இதை ஷோரூமில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்து முடிவுசெய்ய முடியாது. சூரியனார்கோவில், கஞ்சனூர், திருநாகேஸ்வரம், ஆலங்குடி, திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு என்று நவக்கிரகம் ஒன்பதையும் ஒரே நாளில் முடிக்கிற குடும்பங்கள் நம்மிடம் உண்டு. அம்மா ஒன்பது தடவை இறங்கி ஒன்பது தடவை ஏறுவார். அதை மனதில் வைத்து ஷோரூமிலேயே அம்மாவை நாலைந்து தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள், விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது, கூரை விளிம்பு தலையில் இடிக்கிறதா, மேலே பிடித்துக்கொள்ளப் பிடி எட்டுகிறதா, உட்கார்ந்தபின் தொடை சீட்டில் படிகிறதா இல்லை அந்தரத்தில் நிற்கிறதா, இவ்வளவும் பார்க்க வேண்டும். வெர்னாவின் கூரை பின்னால் சரிந்து வருகிறது, உயரமானவர்கள் குனிந்து ஏற வேண்டியிருக்கும். சிட்டியின் பின்சீட்டுதான் பெரியவர்களுக்குச் சாதகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஸ்லாவியா, விர்ட்டஸில் இரண்டு பேருக்கு ராஜபோகம், நடுவில் உட்காருகிறவர் பாவம், கால் வைக்கும் இடத்தில் தரை மேடாக இருக்கிறது.

ஏறும் முறையையும் பழக்கிவிடுங்கள். ஒற்றைக் காலை உள்ளே விட்டு நுழையக் கூடாது. முதுகைக் காட்டிச் சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். சீட்டில் வழவழப்பான துணி ஒன்று விரித்துவைத்தால் திரும்புவது இன்னும் சுலபம். இதைப் பழகிக்கொண்டவர்கள் எஸ்யூவியில் படி வைத்து ஏறுவதைவிட இதுவே தேவலை என்கிறார்கள், ஏனென்றால் இங்கே தூக்க வேண்டியது எதுவும் இல்லை.

பின்பக்க ஏசி வென்ட், நடுசீட்டுக்கும் மூன்று முனை பெல்ட், குழந்தை சீட்டு மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி, ஆறு ஏர்பேக் ஆகியவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். வெர்னா, ஸ்லாவியா, விர்ட்டஸ் மூன்றும் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியவை. பின்சீட்டிலும் பெல்ட் போடுவது சட்டப்படி கட்டாயம். "பட்டுப்புடவை கசங்கும்" என்பதற்கெல்லாம் விலக்கு கிடையாது.

டிக்கிக்கு வருவோம். சிட்டி 506 லிட்டர், ஸ்லாவியாவும் விர்ட்டஸும் 521, வெர்னா 528. எண்ணிக்கை பெரிதுதான், ஆனால் செடான் டிக்கியின் வாய் சிறிது. உள்ளே இடம் கிடக்கும், சமையல் அண்டா வாய்க்குள் நுழையாது. மூடியைத் தாங்கும் வளைந்த கம்பிகள் மூடும்போது உள்ளே இறங்கிப் பெட்டியை நசுக்கும், அதையும் பாருங்கள். சீர்வரிசைத் தட்டுகள் அடுக்குகிற குடும்பம் என்றால் வீட்டிலிருந்து ஒரு பெரிய தாம்பாளத்தையும் உங்கள் பெரிய சூட்கேஸையும் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சிட்டி ஹைபிரிட் வாங்க நினைப்பவர்கள் கட்டாயம் திறந்து பார்க்க வேண்டும், பேட்டரி டிக்கியில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

காசுக் கணக்கு

ஷோரூம் விலையை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியிருக்கிறது: நாலு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் உள்ள காருக்கு 18 சதவீதம், நம் செடான்கள் போன்றவற்றுக்கு 40. இது ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கிவிடும். அடங்காதது தமிழ்நாட்டின் ஆயுள் வரி. 2023 நவம்பரிலிருந்து 5 முதல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கும் மேலே 20. அதாவது ஒன்பதரை லட்சத்து டிசையருக்கு ஒன்றேகால் லட்சத்துக்குள் முடிகிற வரி, 14 லட்சத்து செடானுக்கு இரண்டரை லட்சம் ஆகிவிடும். இது தெரியாமல் பட்ஜெட் போட்டவர்கள் கடைசி நேரத்தில் நகையை எடுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். 10 லட்சத்துக்கு மேல் ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்கும்போதே வாங்கும் வரி, என்று பிடிப்பார்கள். அது போகிற காசு அல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

பில்லை வரி வரியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். "ஹேண்ட்லிங்" என்று ஒரு தொகை இருந்தால் எதற்கு என்று கேளுங்கள், பெரும்பாலும் கேட்டாலே காணாமல் போகும். இன்சூரன்ஸை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இன்சூரன்ஸில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. புது வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும், சொந்தச் சேதத்துக்கானது வருடாவருடம். அதோடு இரண்டு கூடுதல் காப்பு நம் பக்கத்துக்கு அவசியம். ஒன்று, ஜீரோ டிப்ரிசியேஷன், அதாவது தேய்மானம் கழிக்காத காப்பு: இது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிக் காசுதான் கிடைக்கும், இன்றைய பம்பர் முழுக்கப் பிளாஸ்டிக். இரண்டு, எஞ்சின் பாதுகாப்பு. ஐப்பசி கார்த்திகையில் தேங்கிய தண்ணீரில் வண்டி நின்று, மறுபடி ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் சாதாரண பாலிசி அதை ஏற்காது. எலி கடித்த வயருக்குக் காசு உண்டா என்றும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் மரம் விழுந்து நசுங்கிய கார்களில், மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா வர வழியில்லை.

வண்டி எடுக்கும் நாளில் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். டயரில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். தயாரித்த மாதம், ஓடிய கிலோமீட்டர், கண்ணாடிகள், பெயின்ட் எல்லாம் பார்த்தபிறகு கையெழுத்து. கோயிலில் பூஜை போடும்போது ஒரே ஒரு வேண்டுகோள்: சந்தனம் குங்குமத்தைக் கண்ணாடியின் மேல்நடுவில் உள்ள கேமரா மேலும், பம்பரில் இருக்கும் ரேடார் மேலும் பூசவிடாதீர்கள். மாலையையும் வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். பெயின்ட் மேல் காய்ந்த குங்குமம் சும்மா துடைத்தால் போகாது.

பழைய வண்டி என்றால்

சியாஸ், பழைய சிட்டி, கொரோலா ஆல்டிஸ் எல்லாம் நல்ல விலைக்குக் கிடைக்கின்றன. மழைவெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டி ஏதாவது நம் பக்கம் வந்து சேர்ந்திருக்கும் என்ற சந்தேகத்தோடேயே பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், சுருளின் அடியில் சேற்றுக் கோடு தெரியும். ஸ்டெப்னி வைக்கும் குழியில் துருவும் கார்ப்பெட் அடியில் ஈரநாற்றமும் பொய் சொல்லாது. காரைக்கால் பதிவெண் வண்டி மலிவாக வந்தால், தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்க மறுபதிவும் இங்கத்திய வரியும் உண்டு என்பதைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வங்கிக் கடன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் வங்கிப் பெயர் நீங்கியிருக்கிறதா என்று பார்த்தபிறகே முன்பணம்.

எதை மாட்டலாம், எதை வேண்டாம்

வாங்கிய வாரம் அக்சஸரீஸ் கடைக்காரர் பட்டியலோடு நிற்பார். நாலு சக்கரத்துக்கும் மட் ஃப்ளாப், முன்னும் பின்னும் ஓடும் டேஷ்கேம், சிகரெட் பிளக்கில் ஓடும் சின்னக் காற்றடிக்கும் பம்பு, இழுவைக் கயிறு இவ்வளவும் வாங்கலாம். ஒரு கனமான பலகைத் துண்டையும் டிக்கியில் போடுங்கள். மழைநாளில் கரையோரக் களிமண்ணில் பஞ்சர் ஆனால் ஜாக்கி வண்டியைத் தூக்காது, தான் கீழே இறங்கிவிடும். அடியில் பலகை இருந்தால் நிற்கும். ஸ்டெப்னி மெல்லிய வகையாக இருந்தால் 80க்கு மேல் ஓட்டக் கூடாது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

வேண்டாதவை: பக்க ஏர்பேக் உள்ள சீட்டுக்கு மேல் தடித்த உறை போட்டால் ஏர்பேக் விரிய இடமிருக்காது. தரையோடு ஒட்டித் தைத்த மெத்தை மேட், மழைக்காலத்தில் ஈரக்காலோடு ஏறி இறங்கினால் அடியில் நீர் தேங்கி ஒருவகை வாடை வரும், அப்புறம் எந்த சென்ட்டும் உதவாது. கழற்றிக் கழுவுகிற ரப்பர் மேட்டே போதும். ஹாலஜன் விளக்குக் கூட்டில் வெள்ளை எல்இடி பல்பு எதிரே வருகிறவரைக் குருடாக்கும். பம்பருக்கு முன் இரும்புக் கம்பிக்கும், கறுப்பு ஃபிலிமுக்கும் போலீஸ் அபராதம். உயரம் கூட்டுகிறேன் என்று ஸ்பிரிங்கில் ரப்பர் சொருகுவார்கள், சொகுசுக்காக வாங்கிய வண்டியின் சொகுசு அன்றோடு போகும், வாரண்டியும் சிக்கலாகும்.

ஓட்டுவதும் வைத்திருப்பதும்

இங்கே வண்டி வைத்திருப்பவர் சாகுபடிக் காலண்டரைப் பார்த்துதான் ஓட்ட வேண்டும். குறுவை அறுப்பும் சம்பா அறுப்பும் வந்தால் சாலையில் பாதி நெல். ஓரத்தில் கல்லும் முள்ளும் வைத்து மறித்திருப்பார்கள். இரவில் அந்தக் கல் தெரியாது, ஆகவே ஊர்ச்சாலைகளில் இருட்டியபின் வேகம் கூடாது. பின்விளக்கு இல்லாத டிராக்டர் டிப்பரும் அந்த மாதங்களில்தான் அதிகம். அறுவடை மிஷின் கிளப்பும் தூசியும் பதரும் ஏர் ஃபில்டரையும் ஏசி ஃபில்டரையும் சீக்கிரமே அடைக்கும், அறுப்பு முடிந்ததும் இரண்டையும் கழற்றித் தட்டுங்கள், முடிந்தால் மாற்றுங்கள்.

பங்குனி சித்திரையில் உளுந்து வரும். காய்ந்த செடியைச் சாலையில் பரப்பி, வண்டிகள் ஏறி நெற்று உடையட்டும் என்று விட்டிருப்பார்கள். பஸ்ஸுக்கும் லாரிக்கும் அது ஒன்றுமில்லை. செடானுக்கு வயிறு தாழ்வு. கொடி சர்ரென்று உள்ளே இழுபட்டு, சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டில் கயிறாகச் சுற்றிக்கொள்ளும், அங்கிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் உள்ளே கிரீஸ் வெளியேறி மண் புகும், சில மாதத்தில் திருப்பத்தில் டக் டக் என்று சத்தம் கேட்கும். அதைவிட ஆபத்து, சைலன்சரின் முன்பகுதியில் உள்ள, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அவ்வளவு சூடாக இருக்கும். அதில் ஒட்டிய வைக்கோலோ உளுந்துச் சருகோ புகைந்து தீப்பிடிக்கலாம். தவிர்க்க முடியுமானால் ஓரமாகத் தாண்டுங்கள். முடியாவிட்டால் மெதுவாக ஏறிக் கடந்து, நூறு மீட்டர் தள்ளி வெற்றுத் தார் உள்ள இடத்தில் நிறுத்தி, குனிந்து பாருங்கள். சருகு கருகும் வாடை வந்தால் யோசிக்காமல் எல்லாரையும் இறக்குங்கள். சுற்றிய கொடியைக் குச்சியால் இழுத்தெடுக்க வேண்டும், வெறுங்கையை சைலன்சர் பக்கம் விடாதீர்கள். வைக்கோல் மேல் மட்டும் ஒருபோதும் வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள்.

ஆற்றுக்கரைச் சாலைகளில் எதிரே மினி பஸ் வந்தால் யாராவது ஒருவர் இறங்கித்தான் வழிவிட வேண்டும். வெயில் காலத்தில் தாராளமாக இறங்கலாம். மழைக்கு அப்புறம் தாரை விட்டு இறங்கினால் களிமண் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், சரிவு வெண்ணாற்றின் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம். அகலமான இடம் பார்த்து முன்கூட்டியே நின்றுவிடுவது புத்திசாலித்தனம். வாத்து மந்தை குறுக்கே வந்தால் ஹாரன் அடிக்காதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டு உட்காருங்கள், மேய்ப்பவர் ஓட்டிக்கொண்டு போவார். தானியங்கி பிரேக் உள்ள மாடல்களில் இந்த மாதிரி நேரங்களில் வண்டி தானே பதறி நின்றுவிடலாம், பின்னால் ஒட்டி வருகிறவர் அதை எதிர்பார்க்க மாட்டார். கண்ணாடியில் அவரையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரே விதி. தேங்கிய தண்ணீர் முன்னே போகும் வண்டியின் சக்கரத்தில் பாதிக்கு வந்தால் திரும்பிவிடுங்கள். செடானின் காற்று உறிஞ்சும் வாய் தாழ்வாக இருக்கும். எதிரே வரும் லாரியின் அலை ஒன்று போதும். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் அதை அழுத்த முடியாது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும். நடுவில் நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். தள்ளி மேட்டில் ஏற்றி, இழுவை வண்டிக்குப் போன் செய்யுங்கள். கடந்து வந்துவிட்டால் பிரேக்கை மெல்ல மெல்லத் தொட்டுக் காயவையுங்கள்.

அப்புறம் எலி. அறுப்பு முடிந்த வயலிலிருந்து கிளம்புகிற எலிக்கு, இரவு முழுவதும் இளஞ்சூடாக இருக்கும் எஞ்சின் அறையைவிட நல்ல இடம் கிடையாது. புகையிலை, பாச்சை உருண்டை, ஸ்பிரே எல்லாம் வாசனை இருக்கும்வரைதான் வேலை செய்யும். உருப்படியாகப் பலன் தருவது, எஞ்சினுக்கு அடியில் உள்ள திறப்புகளுக்குக் கம்பிவலை அடிப்பது, பிள்ளைகளை வண்டிக்குள் முறுக்கு சாப்பிடவிடாமல் இருப்பது, இரவில் பானட்டைத் திறந்து வைத்து மேலே ஒரு பல்பு எரியவிடுவது. இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது வண்டியை எடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் பானட்டைத் திறந்து பார்க்கிற பழக்கம் வேண்டும், எலியைத் தேடி வந்த பாம்பும் உள்ளே இருக்கலாம்.

வேளாங்கண்ணி, வேதாரண்யம், நாகை, தரங்கம்பாடி பக்கம் வீடு என்றால் உப்புக்காற்று அடித்தகட்டை அரிக்கும். மாதம் ஒருமுறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவுங்கள், கதவு விளிம்பின் அடியில் உள்ள சின்ன வடிகால் ஓட்டைகள் அடைபடாமல் பாருங்கள். துருத்தடுப்புப் பூச்சு அடிக்கும்போது அந்த ஓட்டைகளையும் சேர்த்து மூடிவிடுவார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது. தென்னைக்கு அடியில் நிறுத்தக் கூடாது என்பதை டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூரிலிருந்து குடியேறுகிறவர்களுக்குச் சொல்கிறேன்.

சர்வீஸை கிலோமீட்டரை நம்பி விடாதீர்கள். சிட்டிக்கும் வெர்னாவுக்கும் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், ஸ்கோடா, வோக்ஸ்வாகனுக்கு 15,000 அல்லது ஒரு வருடம். நம் ஓட்டத்துக்குப் பெரும்பாலும் வருடம்தான் முந்தும். வாங்குமுன் உங்களுக்குக் கிட்டத்தில் எந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் என்று விசாரியுங்கள். ஒவ்வொரு சின்ன வேலைக்கும் திருச்சிக்கு ஒரு நாள் செலவழிக்க உங்களால் முடியுமா என்பது விலை வித்தியாசத்தைவிட முக்கியம். சர்வீஸுக்கு விடும்போது வண்டியைத் தூக்கி அடியைக் காட்டச் சொல்லுங்கள். ரப்பர் உறைகள் கிழிந்திருக்கின்றனவா, எஞ்சினுக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் தட்டு தொங்குகிறதா என்று நீங்களே பாருங்கள். பாலங்களில் முதலில் அடிபடுவது அந்தத் தட்டுதான், அதைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருக்கும். அங்கேயே ஐந்தாறு கிளிப் வாங்கி டேஷ்போர்டு பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், வெளியே மெக்கானிக்கிடம் போனால் கட்டுக்கம்பியால் இறுக்கி அனுப்பிவிடுவார்.